சின்ன ஜி

காக்கி புக்கிட், நான்காம் தளம், மழைநாள்.
பளு உணரிகள் பதினாறு மேசையில் காத்திருக்க,
ஜெர்மனிக்காரர் அனுப்பிய தாளில்
ஈர்ப்பு முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு ஒன்று.
அது அவர்கள் ஊர்க் கணக்கு.
நமக்கு ஒன்பது புள்ளி ஏழு எட்டு.
பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் குடியிருந்தால்
பூமி கொஞ்சம் பிடி தளர்த்தித்தான் வைத்திருக்கும்.

புதுக் கால்குலேட்டர். நிரல் எழுதலாம்.
ஏ முதல் இசட் வரை இருபத்தாறு அறை.
மாறிலிகளை ஒவ்வொன்றாகக் குடியேற்றுகிறேன்,
வீவக சாவி கொடுக்கிற அதிகாரி மாதிரி.
ஒளியின் வேகத்துக்கு சி. சண்டையில்லை.
பிளாங்குக்கு ஹெச். போல்ட்ஸ்மனுக்கு கே.
எலெக்ட்ரானின் மின்னூட்டம் ஈ கேட்டது,
கொடுத்தேன்.

ஜி-யில்தான் தகராறு.
பிரபஞ்சத்துக்கெல்லாம் பொதுவான பெரிய ஜி,
இந்தத் தீவுக்கு மட்டுமான சின்ன ஜி.
அறை ஒன்றுதான்.
இந்த இயந்திரத்துக்குச் சின்ன எழுத்து தெரியாது.
பெரியவரை நான்கைந்து இலக்கத்துக்கு மேல்
உலகத்தில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது,
எங்கள் வேலைக்கு அவர் ஒருநாளும் வந்ததுமில்லை.
யு-வுக்கு அனுப்பிவிட்டேன்.

நடுவில் ஒரு பிழை.
பிளாங்கின் அடுக்கில் குறைக் குறி போட மறந்து
வெறும் முப்பத்துநான்கு என்று முடித்தேன்.
திரை ஒன்றும் கேட்கவில்லை, ஏற்றுக்கொண்டது.
அந்த அரை நிமிடம்
கீழே யூபி பக்கம் திரும்பிய பேருந்து
எங்கே இருக்கிறதென்று
எவராலும் சொல்ல முடியாத ஓர் உலகம்
என் உள்ளங்கையில் இருந்தது.
திருத்தினேன்.
பேருந்து நிறுத்தத்துக்கு வந்து சேர்ந்தது.

பூன் கியட் எட்டிப் பார்த்தான்.
காலி அறையில் கோப்பி-ஓ விலையைப் போடச் சொன்னான்.
நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறுவது
எப்படிக் கான்ஸ்டன்ட் ஆகும் என்றேன்.

"மாறிலி," என்றான் எட்வின்ராஜ்,
பளுக்கட்டையைத் துணியால் துடைத்தபடி.
"பிளஸ் டூவுல பிளாங்க் மாறிலின்னுதான் படிச்சோம்.
மாறி வேற, மாறிலி வேற."
நான் யீஷூனில் படித்தவள்.
எனக்கு ஹெச் என்றால் ஹெச்.
கூட வேலை செய்பவனுக்கு வீட்டில் வேறு பெயர் இருப்பதைத்
தொலைபேசியில் தற்செயலாய்க் கேட்டதுபோல் இருந்தது.
மாறி. மாறிலி. சொல்லிப் பார்த்தேன்.
மாறியின் வாலில் ஓர் இல்லை ஒட்டியிருக்கிறது.

புதுக்கோட்டைக்கு எவ்வளவு வரும் என்று கேட்டான்.
அட்சரேகை பத்து புள்ளி நான்கு. நிரலை ஓட்டினேன்.
அங்கே ஒன்பது புள்ளி ஏழு எட்டு இரண்டு சைபர்.
இங்கே ஏழு எட்டு சைபர் நான்கு.
அங்கே சரிபார்த்த வில் தராசை இங்கே கொண்டுவந்தால்
அறுபத்தெட்டு கிலோ ஆளைப்
பதினொன்றரை கிராம் குறைத்துக் காட்டும்.

"அப்ப நாலு வருஷத்துல போனது அவ்வளவுதானா,"
என்று சிரித்தான்.
நிறை மாறாது, எடைதான் மாறும் என்று
சொல்ல வாயெடுத்து விட்டுவிட்டேன்.
காலையிலிருந்து இருபது கிலோக் கட்டைகளை
ஏற்றி இறக்குகிறவன் அவன்.

ஏழு மணிக்கு லாரி வந்தது. மழை விட்டபாடில்லை.
பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்டில்
காலி எடை, உச்ச எடை, எத்தனை ஆள் என்று மூன்று எண்.
தார்ப்பாய்க்குக் கீழே குனிந்து ஏறினான்.

நான் மேலே வந்தபோது திரை தானாக அணைந்திருந்தது.
தட்டினேன். ஜி இருந்தது. யு இருந்தது.
இசட் காலி.
0.0115 என்று அழுத்திவிட்டு விரல் நின்றது.
நாளை அவன் ஒரு பரோட்டா கூடத் தின்றால்
கடைசி இலக்கத்துக்கும் அப்பால் எங்கோ அசைகிற எண்.
மாறிதான்.
போட்டேன்.

இன்னும் ஏழு உணரி பாக்கி.