மருந்துக்கடையிலிருந்து ஏழு தெரு

சான் எலோயில் ஒரே ஒரு சிக்னல் விளக்கு.
அதுவும் மஞ்சளில் நின்றுபோய் மூன்று வருஷம்.
பணம் எடுக்கும் இயந்திரம்
வெள்ளிக்கிழமை மதியத்தோடு காலி.
பல் மருத்துவர் மாதத்தின் இரண்டாம் வியாழன் வருவார்,
ஆற்றில் தண்ணீர் ஏறினால் அதுவும் இல்லை.
எங்கள் பல்வலிக்கு
நாட்காட்டி பார்க்கத் தெரியும்.

மோன்தெவிதேயோவுக்கு ஆறரை மணி நேர பஸ்.
ஏறிப் போனவர்கள் கிறிஸ்துமஸுக்கு வந்து
"இன்னும் இங்கேதானா?" என்கிறார்கள்.
இங்கேதான்.
தண்ணீர் வரி வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால்,
யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது என்று
அவர்களுக்கு முன்பே தெரிந்துகொண்டு.

போன ஜூலை, நல்ல குளிர்.
நெலீடாவின் மருந்துக்கடையில்
அந்தச் சின்ன அட்டைப்பெட்டியை வாங்கினேன்,
முப்பத்தொன்பது வயதில்.
அதை மறைக்க ஒரு பற்பசை, ஒரு சீப்பு,
யாருக்கும் இல்லாத இருமலுக்கு ஒரு மருந்து.
நெலீடா பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாள்.
வாய் திறக்கவில்லை.
புருவம் போதும் அவளுக்கு.

வீட்டுக்கு ஏழு தெரு.
இரண்டாவதில் சைக்கிள் கடை ருபேன்
"குளிரில் நடக்கலாமா நீ?" என்றான்.
நாலாவதில் டெல்மிரா ஒரு பை ஆரஞ்சை நீட்டினாள்,
உதிர்ந்ததைக்கூட எண்ணிவைப்பவள்.
ஆறாவதில், ரொட்டிக்கடை வரிசை
எனக்காக விலகி நின்றது.
வாசலில் அனிபால்:
"மூன்று பேர் கை குலுக்கிவிட்டுப் போகிறார்கள்,
நான் என்ன செய்தேன்?"

இருவருமாக ஊரைத் திட்டினோம்.
இங்கே தும்மினால்
அடுத்த தெருவில் கஷாயம் கொதிக்கும்.
ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

ஒரு கோடு வந்தது.
இன்னொன்று வருமென்று
கெட்டில் ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.
அனிபால் இருட்டின பிறகு
குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டான்.

மறுநாள் பதினேழு பேர் வரி கட்ட வந்தார்கள்.
ஒருவரும் கேட்கவில்லை.
மாட்டு விலை, மழை, மஞ்சள் விளக்கு.
யார் யாருக்குச் சொன்னார்கள்,
யார் என் முகத்தில் படித்தார்கள், தெரியாது.
உலைமூடி தானாக வந்து விழுந்திருந்தது.

டெல்மிரா ரசீதை மடித்துக்கொண்டே
"ஆரஞ்சு புளிப்போ?" என்றாள்.
"கொஞ்சம்."
"இந்த வருஷம் அப்படித்தான்."
மீதிச் சில்லறையை எண்ணாமல்
அவள் பைக்குள் போட்டதை
அன்றுதான் பார்த்தேன்.

தலைநகரிலிருந்து அக்கா ஈர்மா எழுதுகிறாள்:
வந்துவிடு,
இங்கே என்ன வாங்கினாலும் யாருக்கும் தெரியாது.
அது சுகம்தான், இல்லையென்று சொல்லவில்லை.
சில ராத்திரிகளில் பஸ் நேரத்தைக்கூடப் பார்த்து வைக்கிறேன்.

இன்று இரண்டாம் வியாழன்.
ஆறு பாலத்தைத் தொட்டுவிட்டது, மருத்துவர் வரமாட்டார்.
நான் கன்னத்தைப் பிடித்தபடி
மருந்துக்கடைப் பக்கம் திரும்புகிறேன்.
நெலீடா கிராம்புத் தைலத்தை
எடுத்து வைத்திருப்பாள்.
பாதி ஊருக்கு இதற்குள் தெரிந்திருக்கும்,
இடது பக்கம், கடைவாய் என்று.