மிச்சம் ஒன்பது

டிசம்பர். டோங்காட்டில் பள்ளிகளுக்கு விடுமுறை.
எங்கோ கரும்புக்காட்டைக் கொளுத்துகிறார்கள்;
முகாம் நடக்கும் மன்றத்தின் வாசற்படியில்
கறுப்புச் சாம்பல் இழையிழையாக இறங்குகிறது.
அதனால் முதல் பாடம் இப்படி ஆனது:
லென்ஸை விரலால் துடைக்காதே.
துடைத்தார்கள்.

பதினான்கு பிள்ளைகள், ஏழு கேமரா.
ஒருவர் கண் வைத்தால் ஒருவர் காத்திருக்கணும்.
காத்திருப்பதுதான் இந்தத் தொழிலில் பாதி என்றேன்.
"பொய் சொல்லாதீங்க ஆன்ட்டி" என்றான் லெவாஷன்.
"எங்க அக்கா கல்யாணத்துல
மாப்பிள்ளையை ரெண்டு தடவை தாலி கட்ட வச்சீங்க."

உண்மை. முதல் தடவை ஃப்ளாஷ் அடிக்கவில்லை.

இரண்டாம் நாள் குரங்குகள் வந்தன,
சன்னல் வழியே, லிச்சிப் பழப் பையைக் குறிவைத்து.
பதினான்கு பேரும் துரத்தினார்கள்.
ஓடி ஓடி எடுத்த படங்கள் எதிலும் குரங்கு இல்லை:
பாதி வால், யாருடையதோ செருப்பு, நிறைய வானம்.
திரோஷ்ணி மட்டும் மண்டியிட்டு
குரங்கு துப்பிய தோலை எடுத்திருந்தாள்.
பல் பட்ட இடம் கூடத் தெளிவாக இருந்தது.

கார்டுகள் என் கல்யாணப் பையில் கிடந்தவை.
எல்லாவற்றையும் துடைத்துவிட்டதாக நினைத்திருந்தேன்.
மூன்றாம் நாள் காலை நோக்வாண்டா வந்து
கேமராவை இரண்டு கையாலும் நீட்டினாள்:
"இதுக்குள்ள ஆட்கள் இருக்காங்க."

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு.
நனைந்த வாழைமரம், பித்தளைச் சொம்பு,
கண்ணாடி பார்த்துப் பொட்டை நகர்த்தும் ஒரு பெண்.
இருநூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
ஏழாம் வாரம் போன் வந்தது, ஆல்பம் வேண்டாமென்று.
காரணம் அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
முன்பணத்தைத் திருப்பிக் கேட்பாளோ என்றுதான்
அன்றைக்கு என் கவலை.

அழித்துவிடு, இடம் கிடைக்கும் என்றேன்.
குப்பைத்தொட்டி போட்ட பொத்தானையும் காட்டினேன்.
நோக்வாண்டா பொத்தானைப் பார்க்கவில்லை.
"அவங்ககிட்ட கேட்டாச்சா?"

பலகையில் நான்தான் எழுதியிருந்தேன், பெரிதாக:
எடுக்கும் முன் கேள்.
அழிக்கும் முன் என்று எழுதவில்லை.

மிச்சம் எத்தனை? மூலையில் கேமரா காட்டியது: 9.
"போதும்" என்றாள்.
அவளோடு ஜோடி சேர்ந்திருந்த லெவாஷனுக்குப் போதவில்லை.
அரைமணி நேரம் பேரம்; அவளுக்கு ஐந்து, அவனுக்கு நான்கு.
நான்கையும் ஒரே மூச்சில்
சுழலும் மின்விசிறி மேல் கொட்டினான்.
பத்தே நிமிஷத்தில் கரண்ட் போனது.
விசிறி அசையாமல், ஒவ்வோர் இறக்கையும் தனித்தனியாக
மேலே நின்றதைப் பார்த்துத்
தலையில் அடித்துக்கொண்டான் பாவம்.

மற்றவர்கள் இருநூறு முந்நூறு என்று சுட்டுத்தள்ள
அவள் கழுத்தில் கேமராவோடு சும்மா திரிந்தாள்.
டாக்சியை மறிக்க நீளும் ஒரு சுட்டுவிரல்,
டாக்சி வருவதற்கு முன்.
காவலாளி முடியாது என்றுவிட்டார்.
அவர் எழுந்து போனபின் நாற்காலியை எடுத்தாள்;
நாற்காலியிடம் கேட்டாளோ என்னவோ.
ஒன்று கலங்கிப்போனது. ஏன் என்று அவளுக்கும் தெரியாது.
ஒன்றில் நான், வாயில் பேட்டரி மூடியைக் கவ்விக்கொண்டு.
தலையாட்டினேனாம். நினைவில்லை.

ஐந்தாவதை அவள் எடுக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை துணிக்கொடி கட்டிப் படங்களைத் தொங்கவிட்டோம்.
"இவனுக்கு விசிறியைத் தவிர ஒன்றும் தெரியாதா?"
லெவாஷனின் அம்மா கேட்டார்.
"ஓடும்போதுதான் எடுத்தேன்" என்றான், ஏதோ சாதித்தவன் போல.
கிளிப்புகளைக் கழற்றி எண்ணினேன். மூன்று குறைந்தது.

இப்போது கார்டு என் சாப்பாட்டு மேசையில்.
எல்லாப் படங்களும் அழிந்துவிடும், சம்மதமா
என்று திரை கேட்கிறது, ஆம் இல்லை என இரண்டு கட்டம் போட்டு.
யாரிடம் கேட்கிறது அது?

பழைய ரசீதுப் புத்தகத்தில் அந்தப் பெண்ணின் எண்
பென்சிலில் இருக்கிறது; கடைசி இலக்கம் ஒன்றோ ஏழோ.
ஞாயிற்றுக்கிழமை வெருலத்தில் ஒரு கல்யாணம்.
புதுக் கார்டு இருநூற்றைம்பது ராண்ட் என்றார்கள்.
விலை கூடத்தான்.
வாங்கிவிட்டேன்.