பூசாத சுவர்

தெலேஸ்ஃபோராவின் வீட்டில்
நான் இதுவரை எழுப்பிய சுவர்கள் ஒன்பது.
மூன்றை நானே இடித்தேன், அவள் மனம் மாறியதால்.
மீதி ஆறும் செங்கல் தெரிய
எல் ஆல்ட்டோவின் காற்றில் நிற்கின்றன,
சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்துவிட்டு
ஏதோ யோசனையில் ஆழ்ந்தவர்கள் மாதிரி.
எங்கள் ஊரில் முக்கால்வாசி வீடு அப்படித்தான்.
கூரைக்கு மேல் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும்,
வராத மாடிக்கு இடம் பிடித்து.

கீழ்த்தளத்தில் அடுப்பு இருக்கிறது.
பதினோரு வருடமாக இருக்கிறது.
ஒரே ஈட்டில் நாற்பது ரொட்டி வேகும்.
அவள் போடுவது எட்டு:
பிள்ளைகளுக்கு ஆறு, எனக்கு ஒன்று,
ருசி பார்க்க ஒன்று.

"கடை திறக்கலாமே" என்பேன், கரண்டியில் சாந்தைத் துடைத்தபடி.
"இந்த மூஞ்சியோடா?" என்பாள், சுவரைக் காட்டி.
பிறகு தெருமுனையில் ஃபவுஸ்தினோவின் மாளிகையைக் காட்டுவாள்:
ஐந்து மாடி, பச்சைக் கண்ணாடி, ஆரஞ்சு வளைவுகள்,
கீழே விருந்து மண்டபம்,
உச்சியில் தொப்பி வைத்த மாதிரி தனியாக ஒரு வீடு.
"ஜெயித்தவன் வீடு தூரத்திலேயே தெரியணும், சாத்துர்னினோ.
தெரியலைன்னா அது ஜெயமே இல்லை."

அந்த மாளிகைக்கும் நான்தான் கல் சுமந்தேன்.
அதே முனையில் ஃபவுஸ்தினோ பதினேழு வருடம்
தள்ளுவண்டியில் பொத்தானும் ஜிப்பும் விற்றான்.
அப்போது அவள் இந்தப் பக்கம் குடிவரவில்லை.
சொன்னேன்.
"பொத்தான் விற்றா இது வரும்?" என்று சிரித்தாள்.

ஜனவரிச் சந்தையில், நண்பகல் மணி அடிக்கையில்,
குட்டிப் பொருள் வாங்கிப் புகை காட்டினால்
வருடத்துக்குள் அது பெரிதாக வந்து சேரும் என்பார்கள்.
அவள் தவறாமல் வாங்குவது
உள்ளங்கையில் அடங்கும் மூன்று மாடி வீடு.
அலமாரியில் இப்போது ஒரு தெருவே இருக்கிறது.

சிரிக்காதீர்கள்.
என் சட்டைப் பையிலும் ஒன்று உண்டு:
விரல் நீளத்தில் மேஸ்திரிச் சான்றிதழ்,
முத்திரையோடு.
நிஜமானதற்குத் தேர்வு எழுத வேண்டும்.
இருபத்திரண்டு வயதில் எழுதினேன்.
வரைபடத்திலிருந்த படிக்கட்டை
ஜன்னல் என்று வாசித்தேன். அறையே சிரித்தது.
முதல் தடவை வராதது நமக்கு வராது
என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தேன்.
அந்த வாக்கியத்துக்கு இப்போது முப்பது வயது.
தினமும் என்னோடு கூலிக்கு வருகிறது.

ஆகஸ்டில் சாலை மறியல்.
லாரி இல்லை, மினிபஸ் இல்லை.
அவள் படிக்கட்டின் அடியில், சிமெண்ட் மூட்டைகளை ஒட்டி,
நான்கு மூட்டை மாவு.
மூன்றாம் நாள் விடியலில் கூரையெல்லாம் பனி.
ஜன்னலுக்காக நான் விட்டிருந்த ஓட்டைக்குள்
எதிர்வீட்டு பசிலியா தலையை நீட்டினாள்:
"வாசனை என் வீடு வரை வருதே. எவ்வளவு?"

தெலேஸ்ஃபோரா என்னைப் பார்த்தாள்.
நான் நூல்குண்டைப் பார்த்தேன்.
பதினோரு வருடம் பெயர்ப்பலகைக்கு நிறம் யோசித்தவள்
விலையை யோசித்ததே இல்லை.

அன்று மூன்று ஈடு போயிற்று.
இரண்டாவது கருகியது. அதையும் வாங்கினார்கள்.
சுவரை ஒருவரும் பார்க்கவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும்.
மறியல் முடிந்த மறுநாளே
"அது கடை இல்லை, அவசரத்துக்குக் கொடுத்தது" என்றாள்.
ஆனால் ஓட்டையில் ஜன்னல் வைக்க இன்னும் விடவில்லை.
காலை ஆறுக்கு அதன் குறுக்கே ஒரு பலகை வருகிறது,
பலகைமேல் துணி, துணிமேல் ஆவி.
என் ரொட்டிக்கும் இப்போது காசு.

நேற்று அந்தப் பலகையில் சாய்ந்து தின்றபடி
அவளது கணக்குப் பென்சிலை இரவல் வாங்கினேன்.
காகித ஓரத்தில், மெதுவாக,
ஒரு படிக்கட்டு வரைந்தேன்.
எட்டிப் பார்த்தாள்.
"என்ன அது, ஜன்னலா?" என்றாள்.