பெல்ட் இல்லை

நாவிதன்வெளி பத்மகாந்தன் சேர்
இறங்கும்போதே முடிவு சொல்லிவிட்டார்.
"பெல்ட் தேஞ்சிட்டு தம்பி. மாத்திவிடுங்க."
உழவு மெசினை முந்தப் போனால்
எஞ்சின் கத்துகிறதாம்,
கார் நத்தையாம்.

கியர் மாறாத காரெல்லாம் பெல்ட்டில் ஓடும் என்று
யாரோ காதில் போட்டிருக்கிறார்கள்.
ஓடும். வேறு கார்களில்.
இரண்டு கூம்பு, நடுவே இரும்புப் பட்டி,
கூம்புகள் நெருங்கவும் விலகவும்
பட்டி ஏறும், இறங்கும்.
இவருடைய அக்வாவில் அந்தச் சோலியே இல்லை.

ஓட்டமாவடியில் லொறிக்குள் புகுந்த
இன்னொரு அக்வாவின் பெட்டி
சம்மாந்துறையில், என் கராஜ் மேசையில்
திறந்தபடி கிடந்தது.
"இந்தா இரிக்கு சேர், நடுவுல சூரியன்.
சுத்திவரக் கோள்."
"அப்ப சனி எங்க?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

சூரியனுக்கு முப்பது பல்.
கோள் ஒவ்வொன்றுக்கும் இருபத்துமூன்று.
வெளி வளையத்துக்கு எழுபத்தெட்டு.
பூட்டிய நாளில் கடித்தது கடித்தபடி.
கழற்றிவிட கிளச் கிடையாது.

கோள்களைத் தாங்கும் சட்டம் எஞ்சினோடு.
வளையம் சில்லுகளோடும் பெரிய மோட்டோரோடும்.
சூரியன்
சின்ன மோட்டோரின் பிடியில்.

கார் நிற்கிறது, எஞ்சின் மட்டும் ஓடுகிறதா,
வளையம் அசையாது. சூரியன் கிறுகும்,
கிறுகிக் கிறுகிப் பற்றரிக்கு ஊட்டும்.
எஞ்சின் உறங்க, கார் ஊர்கிறதா,
கோள்கள் நின்ற இடத்திலேயே உருள
சூரியன் பின்பக்கமாய்க் கிறுகும்.
இந்த இரண்டுக்கும் நடுவில்
சின்ன மோட்டோர் இறுக்கினால் ஒரு வேகம்,
இளக்கினால் ஒன்று,
கொஞ்சமாய் இளக்கினால் இன்னொன்று.

எத்தனை கியர் என்று கேட்டால் என்ன சொல்ல?
பெரியகல்லாற்று வாயிலிருந்து கிட்டங்கி வரை
தண்ணீரை நக்கி நக்கி வந்து பாருங்கள்,
உப்பு எந்த இடத்தில் விட்டது என்று
கல் நட முடியுமா?

எஞ்சின் முறுக்கும் நூறு பங்கில்
எழுபத்திரண்டு வளையத்துக்கு,
இருபத்தெட்டு சூரியனுக்கு.
ஓடினாலும் ஊர்ந்தாலும் அதே பங்கு.
கூடக் கேட்டு ஒருவரும் கோட்டுக்குப் போக ஏலாது,
பல்லை எண்ணி அன்றைக்கே எழுதியாயிற்று.
இருபது வருடமாய்க் காணிப் பிணக்குத் தீர்க்கும்
கிராம சேவகர் அல்லவா,
அந்த இடத்தில் மட்டும் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

"அப்ப ஏன் தம்பி கத்துது?"

முந்தும் நேரத்தில் பெரிய மோட்டோர் தோள் கொடுக்கவேண்டும்.
பற்றரி சூடேறிக் கையை விரித்தால்
எஞ்சின் தனியே கிடந்து கத்தும்.
பின் சீற்றைத் தூக்கினேன்.
பற்றரிக்குக் காற்று இழுக்கும் விசிறி.
விசிறியில் உமி.
இலையிடுக்கு முழுக்க உமி,
நடுவே ஒரு குழந்தையின் பாசிமணி.

"சனி இஞ்ச இரிக்கார் சேர்.
நெல் ஏத்தினீங்களா?"
"ஒருக்கா. மச்சான்ட ரெண்டு மூட்டை."
"எத்தனை ஒருக்கா?"
சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.
அது போன வருடத்துக் கலண்டர்.

தூரிகையால் தட்டி, ஊதி, துடைத்து
ஒரு சிரட்டை உமி எடுத்தேன்.
பில்லில் எழுதினேன்,
விசிறி துப்புரவு, ஆயிரத்து ஐந்நூறு.
பெல்ட் இல்லை என்பதையும் எழுதச் சொன்னார்.
இல்லாத சாமானை எப்படி எழுத?
"எழுதுங்க தம்பி. கையெழுத்தும் வையுங்க.
மச்சானுக்குக் காட்டவேணும்."

எழுதினேன்.
பெல்ட், இல்லை. ரூபா, இல்லை.

பின்னுக்கு எடுத்தார்.
அதற்கும் ஒரு கியர் கிடையாது,
பெரிய மோட்டோர் மற்றப்பக்கம் கிறுகும், அவ்வளவுதான்.
வாசலில் படுத்திருந்த பூனை
கிறுகியும் பார்க்கவில்லை.
நான்தான் ஓடிப்போய்த் தூக்கவேண்டியிருந்தது.