நாற்பத்துமூன்று இரவு

பதினோரு நாளில் நான்கு சங்கிலி போனபிறகு
கும்பகோணம் பாத்திரக்கடைச் சந்தில்
எங்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.
தடுப்பு இரண்டு, பிளாஸ்டிக் நாற்காலி மூன்று,
சும்மா நின்றே சிவப்பும் நீலமும் சுழற்றும் ஒரு ஜீப்.
நான் ஊர்க்காவல் படை.
பகலில் ஜவுளிக்கடையில் உள்பாவாடை மடிப்பேன்.
இரவுக்கு விசில்.

முதல் வாரம் ஒருத்தரும் நம்பவில்லை.
நான்காம் சங்கிலி செண்பகவல்லி டீச்சருடையது.
இப்போது மஞ்சள் கயிற்றில் தாலி.
அதையும் முந்தானைக்குள் பொத்திப் பிடித்தபடி
டியூஷன் முடிந்து போவார், சுவரோரமாக.
ஒன்பதாம் நாள் கையை இறக்கினார்.
அந்தக் கையில் அரைக்கிலோ கத்திரிக்காய்ப் பை.
நான் பார்த்தேன்.
தினசரி அறிக்கையில் அதை எழுதக் கட்டம் இல்லை.
‘சம்பவம்: இல்லை’ என்று எழுதினேன்.

ஓடிப்போன பானிபூரி வண்டி திரும்பி வந்தது.
பிள்ளைகள் பத்துமணி வரைக்கும் பந்து அடித்தார்கள்,
ஜீப்பின் சக்கரத்தை ஸ்டம்பாக வைத்து.

இன்ஸ்பெக்டர் சொன்னார்:
இந்த மடையை அடைத்தால்
அரசலாற்றுக்கு அந்தப் பக்கம் உடைத்துக்கொண்டு போகும், பாருங்கள்.
ஏட்டு சவரிமுத்து மூன்று மா நிலத்துக்காரர்,
மடை கட்டித் தழும்பேறிய கை.
அவர் போனபின் மெதுவாகக் கேட்டார்:
தண்ணி அப்படித்தான் போகும்மா,
திருடன் என்ன தண்ணியா?
அக்கரை ஆட்டோக்காரர்களை விசாரித்தேன்.
இருபது நாளில் ஒரே ஒரு செல்போன்.
அதுவும் குடித்தவன் தொலைத்ததாக இருக்கலாம் என்றார்கள்.
பக்கத்துத் தெருக்களும் சேர்ந்தே அடங்கியிருந்தன.
பறித்தவர்கள் எங்கே போனார்கள்?
தெரியவில்லை. வேலைக்கா, வேறு ஊருக்கா,
எங்களைத் தாண்டி டீ குடிக்கவா.

இன்பராசுவை மட்டும் நன்றாகத் தெரியும்.
சென்னை பஸ்ஸில் ஏற்ற வாழையிலைக் கட்டோடு
தினமும் பத்துக்கு டிவிஎஸ் ஃபிஃப்டியில் வருவான்.
காதுக்கு மேல் மழித்த முடி. அதுதான் குற்றம்.
முதல் இரவு ஆர்சி புக். ஊது என்றோம்.
மூன்றாம் இரவு இலைக்கட்டைப் பிரித்தோம்.
ஆறாம் இரவு வண்டியோடு நிறுத்திப் போட்டோ.
விசில் அடித்ததெல்லாம் நான்தான்.
ஒருமுறை பஸ் போய்விட்டது.
இலை சுருள்வதற்குள் விற்கவேண்டும் அக்கா என்றான்,
கோபமில்லாமல், மணி கேட்பதுபோல.
பதினோராம் இரவு
நாற்பதடிக்கு முன்பே தானாக நின்று
எஞ்சினை அணைத்து, சாவியை உருவி,
கையைத் தூக்கினான்.
நான் விசிலை வாயில் வைக்கக்கூட இல்லை.

இதற்கும் கட்டம் இல்லை.

நாற்பத்துநான்காம் நாள்
ஜீப்பைத் தேரோட்டப் பந்தோபஸ்துக்கு அழைத்துக்கொண்டார்கள்.
தடுப்புகளை வேறு எவரோ கேட்டு வாங்கிப் போனார்கள்.
ஒரு நாற்காலி மட்டும் மறந்துபோனது.

நேற்று கடைக்கணக்கு முடியத் தாமதம்.
புடவையில் அந்தச் சந்து வழியாக நடந்தேன்.
என் கை கழுத்துக்குப் போனது. போட்டிருப்பது கவரிங்.
பானிபூரிக்காரர் அந்த நாற்காலியை
அதே இடத்தில், அதே திசை பார்த்துப் போட்டு
முதுகில் ஒரு காக்கித் துண்டை விரித்திருந்தார்.
ஏன் என்றேன்.
இருக்கட்டுமே என்றார்.
டீச்சர் எதிரே வந்தார். சுவரோரமாக இல்லை, நடுத்தெருவிலும் இல்லை.

பத்து அடித்தது.
டிவிஎஸ் சத்தம்.
காலி நாற்காலிக்கு நாற்பதடி முன்னால்
அவன் நின்றான். எஞ்சினை அணைத்தான்.
சாவி கையில்.
என்னை அடையாளம் தெரியவில்லை.

போ தம்பி, யாரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம்.
காக்கி இல்லாமல்
அதைச் சொல்ல எனக்கு என்ன பாத்தியதை என்று நின்றேன்.
அவன் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தான்.
ஈரச் சாக்கு சுற்றிய கட்டிலிருந்து
தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.
பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் கேட்டது, இரண்டு தரம்.