இரண்டு புள்ளி

போன மாசம் பன்னிரண்டாயிரம் பீஸ்.
நெஞ்சில் ஒரு மலை, ஊசிக் கோபுரம்,
கழுத்தில் மணி கட்டிய பசு.
கீழே ஜெர்மன்காரர் ஊர்ப்பெயர்,
அதில் ஓர் எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி.
ஒரு புள்ளி விழாவிட்டாலும் ரிஜெக்ட் என்றார் சூப்பர்வைசர்.
வாசிக்கத் தெரியாத ஊரைப்
புள்ளி எண்ணியே அனுப்பி வைத்தோம்.

ஷிப்மெண்ட் போன ஞாயிறு
திருப்பூரிலிருந்து வால்பாறைக்கு வேன்.
ஆளுக்கு நானூறு, தக்காளிச் சோறு தனி.
ஆழியாறு தாண்டி
கொண்டை ஊசி வளைவுகளைக் கத்திக் கத்தி எண்ணினோம்.
இருபத்திமூன்றில் சிந்தாமணிக்கு வாந்தி.
அதோடு கணக்கு விட்டுப்போச்சு.

காட்சிமுனையில் மூடுபனி.
கம்பியைப் பிடித்து வரிசையாய் நின்றோம்,
பிரிண்ட் ஏறாத வெள்ளைத் துணிக்கு முன்னால்.
"காசைக் குடுத்து இதையப் பாக்கறதுக்கா வந்தோம்?"
மயிலாத்தாள் மிளகாய் பஜ்ஜியை ஊதினாள்.

முக்கால் மணி நேரம் கழித்து
எங்கோ கீழே கொஞ்சம் விலகியது:
ஒரே ஒரு தேயிலைச் சரிவு.
அதன் தலைமாட்டில்
அசையாமல் இரண்டு காட்டெருமை.
கழுத்தில் மணி இல்லை.

"பாஸ்," என்றேன்.
யாருக்கும் கேட்கவில்லை,
எல்லாரும் ஃபோனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.
அதற்குள் திரும்பவும் வெள்ளை.