கதிரைக் கணக்கு

புளியந்தீவுக்குள் லான்ட்மாஸ்டரில் கொண்டுபோய் இறக்கியது
இருநூற்றிப் பன்னிரண்டு.
நீலம். கையில்லாதது. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு இருபது ரூபாய்.
எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்றில்
‘தவமலர், கல்லடி’ என்று என் பேர்.
கொடியேற்றத்துக்கு முதல் நாள்.
மரியாள் பேராலயத்துக்குள்
விசிறிகள் மட்டும் வந்திருந்தன.

பீடத்தடியில் எர்வின் குப்புறக் கிடந்தார்,
வாயில் நாலு ஆணி.
ஆயருடைய கதிரைக்கு ஒரு கால் ஆட்டம்.
“வீட்டில நாங்க இதக் கடேர எண்டுதான் சொல்ற” என்றார்
ஆணிகளைத் துப்பிவிட்டு.
“நாங்களும் அதத்தானே சொல்றம்,
எங்கட நாக்கால.”

உரோமையில் படித்துப் போன மாதம் வந்திறங்கிய
இளம் சுவாமி டிலக்சன்
மெழுகுதிரிப் பெட்டியை வைத்துவிட்டு இடையில் புகுந்தார்.
இலத்தீனில் அது கத்தேட்ராவாம்.
கதிரை இருக்கிற கோயில் என்பதால்தான் கத்தீட்ரலாம்.
லூசித்தானியா என்றொரு நாட்டின் வாயில் ஊறி
போர்த்துக்கீசமாகிக் கப்பலேறி
எங்கள் வாவிக்குள் வந்த சொல்.
கூடவே மேசை, சாவி, பாண்,
லேஞ்சி, குசினி,
நத்தாரும்.
எனக்கு வியர்த்தது.
லேஞ்சியை எடுத்துத் துடைத்தேன்.

“நாடில்ல, மாகாணம்” என்று தன்னைத்தானே திருத்தினார் பிறகு.
உரோமாபுரிக்கு மேற்கே ஒரு மாகாணம்.
ஆளுநரைத் தலைநகர் அனுப்பும்.
சண்டை முடித்த படையாட்களுக்குக்
காணி அளந்து கொடுத்துக் கட்டியதுதான்
அங்கத்தையப் பெரிய பட்டினம்.
எர்வின் என்னைப் பார்த்தார்.
நான் விசிறியைப் பார்த்தேன்.
கிழக்கு மாகாணத்தில் சில கதைகளுக்கு
விசிறியைத்தான் பார்க்க வேண்டும்.

“அப்ப, ஆளுநரோ இதில இருந்த?”
இல்லையாம். அவருக்கு மடக்குக் கதிரை.
இது பெண்கள் சாய்ந்திருந்தது.
பிறகு வாத்திமார்.
அதுக்கும் பிறகுதான் ஆயர்.

எர்வின் கதிரையை நிமிர்த்தி
உலுப்பிப் பார்த்தார்.
“பாரம் வைச்சாத்தான் தெரியும்.
சுவாமி, நீங்க தும்பு.
தவமலர், நீ ஒருக்கா இரிகா.”
சுவாமி மெழுகுதிரிகளை எண்ணத் தொடங்கினார்
அவசரமாய்,
சுவரைப் பார்த்துக்கொண்டு.

இருந்தேன்.
கால் ஆடவில்லை.
கைக்கு ஓய்வெடுக்க இரண்டு பக்கமும் இடமிருந்தது.
பதினேழு வருசமாய்க் கதிரை தூக்கும் கைகள்
அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்தன.
எதிரே நீலம், வாசல் வரைக்கும்.
நான் எப்போதும் பின்னால் நின்று எண்ணுகிறவள்.
இங்கிருந்து பார்த்தால்
ஒன்றிலும் என் பேர் இல்லை.

“சரி, இறங்கு” என்றார் எர்வின்.

திருவிழா முடிந்து எண்ணினேன்.
இருநூற்றிப் பதினொன்று.
சாவி வாங்கி அறையெல்லாம் பார்த்தேன்,
குசினிக்குள்ளும்.
அவ்வளவு கடல் தாண்டி வழி தெரிந்த சொல்லின் பொருளுக்குக்
கல்லடிப் பாலம் தாண்டத் தெரியவில்லை.
கொப்பியில் ‘குறைவு 1’ என்று எழுதினேன்.

ஞாயிறு பின்னேரம்
டச்பாரில் எர்வின் வீட்டுக்குத் தேத்தண்ணிக்குப் போனால்
வாசலில் ஒரு நீலம்.
முதுகைச் சுவரோடு ஒட்டச் சாத்தியிருந்தது.

“இது ஆர்ட கதிரை?”

“கடேர” என்று திருத்தினார் அவர்,
கோப்பையை நிரப்பிக்கொண்டே.